ஏணிக்குப் பின்னால் ஒரு முழம்

இருந்தவர்கள்:
அண்ணி: தொழிற்சாலை அலுவலகத்தில் கோப்புகளைப் பார்ப்பவர். மூன்று வாரமாகக் கேமரா பழகுகிறார்.
கொழுந்தன்: அதே தொழிற்சாலையில் வெல்டர். கொதிநீர்த் தொட்டியின் உள்சுவரை வெல்டிங் செய்தவர்.
வராதவர்: அண்ணன். தொட்டியைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவர்.

அண்ணி: ...அசையாத. மூச்சு கூட விடாத.

கொழுந்தன்: நான் மூச்சு விட்டா படம் கெட்டுடுமா?

அண்ணி: போன தடவ கெட்டுச்சே. உனக்கு மூணு தலை வந்துச்சு.

கொழுந்தன்: ஒரு தலைய வச்சே என்னால சமாளிக்க முடியல. தொட்டிக்குள்ள போய் கேமரா ஸ்டாண்டு வைன்னீங்க, வச்சேன். வெளிய வர்றதுக்குள்ள ரிமோட்ட அமுக்கிட்டீங்க. யார் தப்பு?

அண்ணி: கத்துக்கறவளக் குத்தம் சொல்லக் கூடாது. ஒரே இடத்த மூணு தடவ எடுக்கும். இருட்டா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு. நீ குறுக்க நடந்தா மூணுலயும் ஒவ்வொரு இடத்துல நிப்ப. மூணையும் சேத்து ஒரே படமாக்கணும், இதுக்குப் பேரு ஹெச்டிஆர்.

கொழுந்தன்: ஒத்தப் படம் எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. ஆபீஸ் ரெக்கார்டுக்கு எதுக்கு இவ்ளோ அலங்காரம்?

அண்ணி: எடுத்தேன், பாரு. கூரைக்கு மேல திறந்திருக்கற தொட்டி வாயோட வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி எடுத்தா சுவரெல்லாம் கரி. சுவருக்கு ஏத்த மாதிரி எடுத்தா வெயில் வழிஞ்சு பாதிச் சுவர முழுங்கிடுது.

கொழுந்தன்: டார்ச்?

அண்ணி: உள்ள அடிச்சிருக்கற பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுது. டார்ச் பட்ட இடம் கண்ணு கூசுது. படாத இடம் தெரியல.

கொழுந்தன்: சீக்கிரம் முடிங்க. நாலு மணிக்குத் தண்ணி ஏத்தப் போறாங்க.

அண்ணி: தெரியும். அதான் இப்பவே வந்தேன்... முடிஞ்சுது. மூச்சு விடு. கேமராவ எடுத்துக் குடு, மூணையும் கம்ப்யூட்டர்ல சேக்கறேன்.

கொழுந்தன்: என்ன, சுத்திக்கிட்டே இருக்கு?

அண்ணி: பழைய கம்ப்யூட்டர். உங்கண்ணன் மாதிரி, யோசிச்சுதான் பதில் சொல்லும்.

கொழுந்தன்: அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்.

அண்ணி: இரு... வருது.

கொழுந்தன்: அண்ணி.

அண்ணி: ம்.

கொழுந்தன்: இது நம்ம தொட்டியா?

அண்ணி: நானும் அதத்தான் பாக்கறேன்.

கொழுந்தன்: மேல பாருங்க. வாய் வழியா மேகம் தெரியுது. அதோட ஓரம் பிஞ்சிருக்கறது கூட... அதே படத்துல, கீழ தரையில கிடக்கற கம்பித் துண்டு.

அண்ணி: ரெண்டும் ஒரே படத்துல. இதுக்குத்தான் மூணு எடுத்தது.

கொழுந்தன்: ரெண்டு மாசம் இதுக்குள்ள உக்காந்திருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டா ஒரு நெருப்புப் பொட்டு. கழட்டினா அதுவும் இல்ல. நான் எங்க உக்காந்திருந்தேன்னு இப்பதான் பாக்கறேன்.

அண்ணி: எவ்ளோ பெரிசு...

கொழுந்தன்: எவ்ளோ தனியா இருந்திருக்கேன், அப்படிச் சொல்லுங்க.

அண்ணி: இந்தக் கோடெல்லாம்?

கொழுந்தன்: என் வெல்டிங். ஒவ்வொரு வரிசையும் என் கை. மூணாவது, இருமிக்கிட்டே போட்டது. நெளியுது பாருங்க. அஞ்சாவது அன்னிக்கு என்னவோ மனசு நல்லா இருந்துச்சு. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா... நானா போட்டேன் இத?

அண்ணி: உன் கையெழுத்தவிட அழகா இருக்கு.

கொழுந்தன்: என் கையெழுத்தவிட எதுதான் அழகா இல்ல.

அண்ணி: இன்னும் பெரிசாக்கறேன். இருட்டுக்குள்ள போகப் போக உள்ள ஏதாவது இருந்துகிட்டே இருக்கு. முடியவே மாட்டேங்குது... இங்க என்ன, ஏணிக்குப் பின்னால? ஏழாவது வரிசை ஏணிகிட்ட வந்து நிக்குது. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல ஒரு முழத்துக்குக் கோடே காணோம். நாலு பொட்டுதான் இருக்கு.

கொழுந்தன்: கேமரா ஆடியிருக்கும்.

அண்ணி: இருக்கும். நான் புதுசுதானே. திரும்ப எடுக்கறேன்.

கொழுந்தன்: வேண்டாம் அண்ணி. வெயில் நகர்ந்துடுச்சு.

அண்ணி: இந்தத் தடவ அஞ்சு படம். இன்னும் வெளிச்சமா ரெண்டு சேத்து. போய் ஸ்டாண்டு வை.

கொழுந்தன்: சொன்னா கேளுங்க...

அண்ணி: வை.

கொழுந்தன்: ...வச்சாச்சு. எடுங்க.

அண்ணி: ஆச்சு. இப்ப சேருது... ஏணிப் படியில இருக்கற துரு கூடத் தெரியுது. யாரோ விரல் வச்ச தடம் கூட. அந்த ஒரு முழம் அப்படியேதான் இருக்கு.

கொழுந்தன்: கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்.

அண்ணி: மேகத்த விடல, கம்பித் துண்ட விடல. உன் வெல்டிங்க மட்டும் தின்னுடுச்சா? பேசு.

கொழுந்தன்: அன்னிக்கு நைட் ஷிப்ட். கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். தகடு நிக்கறதுக்கு நாலு பொட்டு வச்சுட்டு எழுந்துட்டேன், மறுநாள் முடிக்கலாம்னு. ரெண்டு நாள் கண்ணே தொறக்கல. திரும்பி வந்தா பெயிண்ட் அடிச்சாச்சு. அண்ணன் கையெழுத்தும் போட்டாச்சு.

அண்ணி: சொல்லியிருக்கலாமே.

கொழுந்தன்: சொன்னா அவரு வேலை போகும். என் வேலையும் போகும்.

அண்ணி: இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு பேர் சாப்பிட உக்காருவாங்க.

கொழுந்தன்: தெரியும். தண்ணி ஏறினதுக்கப்புறம் நான் அங்க உக்காரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அண்ணி: நீ உக்கார மாட்ட. மத்த பதினஞ்சு பேர்? நாலு பொட்டு தாங்குமா?

கொழுந்தன்: தாங்காது. கொதிக்கற தண்ணி, முழு அழுத்தம். ஒரு வாரம் தாங்கினா பெரிசு.

அண்ணி: இந்தப் படம் இல்லன்னா?

கொழுந்தன்: யாருக்கும் தெரியாம போயிருக்கும், அது பிளக்கற வரைக்கும்... போறேன். மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். அண்ணன் பேர இழுக்கல. இவ்ளோ இருட்டுல அவரு எவ்ளோ நேரம் தேடினாலும் கண்ணுல பட்டிருக்காதுன்னு சொல்றேன்.

அண்ணி: அந்தப் பொய் வேண்டாம். உங்கண்ணன் உள்ள நுழையவே இல்ல. மூச்சு முட்டும்னு பயந்து, வாசல்லயே நின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. மூணு வாரமா தூங்காம, என்கிட்ட மட்டும் சொல்லி அழுதாரு. ஆபீஸ்ல யாரும் படம் கேக்கல, தம்பி. நான்தான் அவருக்குப் பதிலா உள்ள பாக்கணும்னு இதக் கத்துக்கிட்டேன். எனக்கு வெல்டிங் தெரியாது, ஆனா உன் மூஞ்சி தெரியும். அதான் உன்னப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாத்தேன்... நட, வெளிய போ. தண்ணி தொறக்கற வால்வு இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு, பூட்டிட்டா யாரும் தண்ணி ஏத்த முடியாது. நானும் வந்துட்டேன், கதவ விடு, சாத்தறேன்... பூட்டியாச்சு. உங்கண்ணன் உண்மையச் சொல்றதுக்கு மேனேஜர் ரூம் வாசல்ல நிக்கறாரு. சாவியோட போவோம்.