ஆறு பேர், நான்கு தள்ளுவண்டி, பதினொரு மாடுகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தோட்டத்து ஆலயத் தலைவர், மரியாதைக்குரிய ஐயா இராஜமாணிக்கம் அவர்களே! இந்த மண்டபத்துக்குப் பள்ளியின் நாற்காலிகளையும் கடவுள் வாழ்த்துக்குத் தன் குரலையும் தந்து உதவிய பெற்றோர் சங்கத் தலைவி ஷாமினி அவர்களே! ஞாயிற்றுக்கிழமை மாலைத் தூக்கத்தைத் துறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே இத்தனை இடம் இருந்தும் வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க மனமில்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாழ்த்திப் பேச என்னை அழைத்திருந்தால் அழகாகப் பேசியிருப்பேன். இன்று வாழ்த்த வரவில்லை. சலித்துப்போய் வந்திருக்கிறேன். ரயில் கம்பெனியின் மேல் சலிப்பு. உங்கள் மேலும் சலிப்பு. முதலில் கம்பெனியைப் பேசிவிடுகிறேன். உங்களைப் பேசும்போது யாரும் எழுந்து போகக்கூடாது.

புக்கிட் செராயா எண்ணெய் ஆலையில் தொடங்கி, மூன்று தோட்டங்களை ஊடுருவி, பகாவ் நிலையத்தில் முடிகிறது நம் சரக்கு ரயில் பாதை. நீளம் இருபத்திரண்டு கிலோமீட்டர். ஓடுகிற எஞ்சின் ஒன்று. பழுதுபார்க்கும் கொட்டகையில் உறங்குகிற எஞ்சின் இன்னொன்று. ஒரு நாளைக்குப் பதினான்கு தொட்டி வண்டிகள், அத்தனையிலும் செம்பனை எண்ணெய். இந்தப் பாதையில் கல்லுடைத்தவர் யார்? கட்டை சுமந்தவர் யார்? காய்ச்சலில் விழுந்தவர் யார்? நம் ஆட்கள். இன்றைக்கும் அதில் சம்பளம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நம் பிள்ளைகள். இந்த ரயில் இல்லையென்றால் நாளொன்றுக்கு நாற்பது லோரி நம் பள்ளி வாசலில் புழுதி பறக்க ஓடும். ஆகவே, ரயிலுக்கு எதிராகப் பேச நான் வந்ததாக யாரும் எழுதிவிட வேண்டாம். ரயில் ஓடட்டும். ஓயாமல் ஓடட்டும். அது நிற்கிறதே, அதுதான் நம் பிரச்சினை!

நம் வீடுகள் இருக்கிற லயங்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பள்ளியும், கிளினிக்கும், பஸ் வருகிற தார்ச்சாலையும் அந்தப் பக்கம். நடுவில் நம் ரயில்வே கேட். அதைக் கடந்தால் நூறு அடி. கடக்காவிட்டால் ஆலை லோரிகள் போகிற செம்மண் பாதையில் பதினொரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

பகாவில் பெரிய ரயில் பாதை காலியாக இல்லாதபோது நம் ரயில் வழியில் காத்திருக்கும். முன்பெல்லாம் எஞ்சின் ஓட்டுநர் ஹேமநாதன் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். நாம் பாட்டுக்கு நடப்போம். அவர் பாட்டுக்குத் தேநீர் குடிப்பார். போன வருடம் கம்பெனி ஒரு வெள்ளைப் பலகை நட்டது. இனிமேல் எஞ்சின் அந்தப் பலகை அருகில்தான் நிற்க வேண்டுமாம். பலகை எங்கே இருக்கிறது? கேட்டைத் தாண்டி எண்பது மீட்டரில்! எஞ்சின் பலகையடியில் நிற்கும். பின்னால் வருகிற தொட்டிகள் நம் வழியில் நிற்கும். நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம். பள்ளிப் பிள்ளைகள் பையை முதலில் வீசிவிட்டு, இரண்டு தொட்டிகளுக்கு நடுவே புகுந்து போகிறார்கள்.

ஹேமநாதனிடம் கேட்டேன். அதோ, தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறாரே, அவரிடம்தான். என்ன சொன்னார் தெரியுமா? “சார், பலகைய அங்க நட்டது நானா? முன்னாடி நின்னா கேமரா காட்டிக் குடுத்துரும். தாண்டி நின்னா வேல போயிரும். புள்ளைங்க நடுவுல பூர்றப்ப நான் பிரேக்குல கைய வச்சிக்கிட்டு சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்லா.” இப்படி ஒரு வேலை எந்த ஊரில் உண்டு?

நாம் புகார் கொடுத்தோம். “உங்கள் ரயில் எங்கள் வழியை மறைக்கிறது” என்று மரியாதையாக எழுதினோம். பலகையைப் பிடுங்கிக் கேட்டுக்கு முன்னால் நடச் சொல்லிக் கேட்டோம். ஒரு பலகை, இரண்டு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை! அதற்கு மூன்று இலாகாவின் அனுமதி வேண்டும் என்றார்கள். சரி என்று ஐந்து மாதம் காத்திருந்தோம். பிறகு தீர்வு வந்தது. ரயில் வழியை மறைக்கிறதா? அப்படியானால் வழியையே எடுத்துவிடுவோம்! இந்த மாதக் கடைசியில் கேட்டை நிரந்தரமாக மூடி இரும்பு வேலி போடப் போகிறார்களாம். மறைப்பதற்கு வழியே இல்லாதபோது ரயில் எதை மறைக்கும்?

இந்த அறிவிப்பை எங்கே ஒட்டினார்கள்? கேட் கம்பத்தில். கம்பத்தின் எந்தப் பக்கத்தில்? சாலையைப் பார்த்தா? இல்லை. தண்டவாளத்தைப் பார்த்து! அந்தப் பக்கமாக வருகிறவர் யார்? எண்ணெய். பதினான்கு தொட்டி எண்ணெயும் அறிவிப்பைப் படித்துவிட்டு, ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்தது உங்கள் முறை.

மூடுவதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? அதற்காகத் தயாரித்த அறிக்கையைச் சிரம்பானில் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். எண்பத்தாறு பக்கம். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. மூன்று நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, இந்தக் கேட்டைக் கடந்தவர் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்கள். அதை அப்படியே வாசிக்கிறேன். நடந்து கடந்தோர், ஆறு. மோட்டார், இல்லை. கார், இல்லை. தள்ளுவண்டி, நான்கு. மாடு, பதினொன்று. அதன் கீழே முடிவுரை: “இக்கடவை பெரும்பாலும் கால்நடைகளால் பயன்படுத்தப்படுகிறது.”

நூற்று முப்பது குடும்பங்கள் வாழ்கிற தோட்டம்! பொய் எழுதிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அங்கே பொறுப்பிலிருக்கும் அதிகாரி நம்மவர்தான், திருநாவுக்கரசு என்று பெயர். அவரிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவருக்கு என்னைவிடக் கோபம். “சார், எங்க ஆளுங்க மூணு நாளு வெயில்ல கூடாரம் போட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் வரலையே சார். வந்தது மாடுதான். மாட்டத்தான எழுத முடியும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே வந்து விசாரித்தேன். விளங்கிவிட்டது. ஐயோ, விளங்காமலே இருந்திருக்கலாம்!

எண்ணத் தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நம் ஆலயச் செயலாளர் ஆறுமுகம் மோட்டாரில் கேட்டுக்குப் போகிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. கேட்டில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர், கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் ஏதோ எழுதுகிறார்கள். ஆறுமுகம் என்ன செய்தார்? “என்ன எழுதுறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டாரா? மோட்டாரைத் திருப்பினார். செம்பனை மரத்தடியில் நிறுத்தினார். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது, வாசிக்கிறேன். “அவசரம். கேட்டு பக்கம் யாரும் போக வேணாம். செக்கிங் ஓப்பராசி நடக்குது. அபராத சம்மன் எழுதுறானுங்க. லைன தாண்டுனா தனி சம்மனாம். எல்லாரும் சுத்திப் போங்க.”

‘லைனைத் தாண்டினால் தனி சம்மன்’ என்று உங்களுக்கு யார் சொன்னது, ஆறுமுகம்?

(என்னது? சத்தமாகச் சொல்லுங்கள். “நல்லதுக்குத்தான் போட்டேன்லா சார்!” என்கிறார். உங்கள் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஐயா. அந்த நல்ல மனதுதான் நம் கேட்டை மூடப் போகிறது!)

பத்து நிமிடத்தில் செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. ஆலய மணி அடித்தாலும் அரை மணி நேரம் தாமதமாக வருகிற தோட்டம் இது. அன்றைக்குப் பத்தே நிமிடம்! மூன்று நாள், ஒரு தோட்டமே பதினொரு கிலோமீட்டர் சுற்றியது. பள்ளி வேன் சுற்றியது. மீன் விற்கிற மணியம் சுற்றினார். தண்டவாளத்தை முறைப்படி கடக்க உரிமையுள்ளவர்கள், திருடர்களைப்போலத் தோட்டத்தைச் சுற்றினார்கள். எண்ண வந்தவனைப் பிடிக்க வந்தவன் என்று நினைத்து, நம்மை நாமே பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டோம். மாடுகளுக்கு வாட்ஸ்அப் இல்லை. அதனால் அவை மட்டும் வழக்கம்போலப் போய் வந்தன.

நூறு வருடமாகக் கையில் அட்டை வைத்திருப்பவனைக் கண்டால் நமக்குக் கால் தானாகத் திரும்புகிறது. கணக்கெழுதிய கிராணி அட்டை வைத்திருந்தான், பேர் வெட்டினான். வேலை வாங்கிய மண்டோர் அட்டை வைத்திருந்தான், அரைநாள் சம்பளம் போட்டான். அந்தப் பயத்துக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிராணியும் போய்விட்டான், மண்டோரும் போய்விட்டான். பயத்தை மட்டும் யாருக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்?

சரி. தோட்டமே சுற்றியது என்றால், அட்டவணையில் இருக்கிற அந்த ஆறு பேர் யார்? விசாரித்தேன். இரண்டு, எண்ண வந்தவர்களில் ஒருவரே. தேநீர்க் கடைக்குப் போனது ஒன்று, வந்தது ஒன்று. தன்னையும் எண்ணி எழுதியிருக்கிறார், நேர்மையான மனிதர். மற்ற நான்கும் ஒரே பெண்மணி. மூன்றாம் லயத்து மரியகொரெட்டி. செவ்வாய் போனார், வந்தார். வியாழன் போனார், வந்தார்.

அவர் ஏன் சுற்றவில்லை? சுற்ற முடியாது. அவர் கணவர் ஆம்புரோஸ் அவர்களை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆலையில் கொதிகலன் பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், ஒரு காலும் போய், வாரம் மூன்று நாள் பகாவில் டயாலிசிஸ். அந்த மையத்து வேன் தார்ச்சாலை வரைக்கும்தான் வரும். செம்மண் பாதையில் வராது. மழை பெய்தால் லோரியே புதைகிற பாதை அது. ஆகவே காலை ஆறு இருபதுக்கு மரியகொரெட்டி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட்டைக் கடக்கிறார். கேட் மூடினால் ஆம்புரோஸுக்கு டயாலிசிஸ் இல்லை. டயாலிசிஸ் இல்லையென்றால் எத்தனை நாள் என்று இந்த மேடையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு ஆரஞ்சுச் சட்டைக்காரர் முன்னால் இந்த அம்மா நாற்காலியை நிறுத்திச் சொன்னாராம்: “அபாங், சம்மன் எழுதணும்னா எழுதிக்கங்க. ஆனா வெரசா எழுதுங்க, வேன் போயிரும்.” அவர் மலாய்க்காரர். அண்ணன் என்கிற அந்த ‘அபாங்’ மட்டும் புரிந்தது, தமிழ் புரியவில்லை. சிரித்து, கையசைத்துப் போகச் சொல்லிவிட்டு, தாளில் கோடு கிழித்தார். தோட்டமே நடுங்கிய இடத்தில் நிமிர்ந்து நடந்த ஒரே ஆள் இவர்தான். தாய்மார்களே, அந்தக் கைதட்டலை இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினால் தவறில்லை!

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மரியகொரெட்டி போனது வந்தது நான்கு. அது ‘நடந்து கடந்தோர்’ பட்டியலில் இருக்கிறது. ஆம்புரோஸும் அதே நான்கு முறை கடந்தாரே, அவர் எங்கே? பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. தள்ளுவண்டி, நான்கு.

அந்தத் தாளில் சக்கர நாற்காலிக்குக் கட்டம் இல்லை. சக்கரம் இருக்கிறது, ஒருவர் தள்ளுகிறார், ஆகவே தள்ளுவண்டி. வண்டியில் இருப்பது? சரக்கு! முப்பத்து நான்கு வருடம் இந்த ரயிலுக்கு எண்ணெய் கொடுத்த ஆலையில் நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதரை, இந்த ரயில் கம்பெனி சரக்காக எழுதிவிட்டது. சரக்குக்குச் சிறுநீரகம் உண்டா? சரக்கு வலிக்கிறது என்று சொல்லுமா? ஐயா, இது கெட்ட எண்ணம்கூட இல்லை. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போடலாம். இது கட்டம் இல்லாத தாள். அதனால்தான் எனக்கு இத்தனை சலிப்பு!

போன புதன்கிழமை, கேட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடையில், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நானே உட்கார்ந்து எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு முறை கடந்தீர்கள். என் சட்டை ஆரஞ்சு நிறம் இல்லை, ஆகவே ஒருவரும் ஓடவில்லை. நேரம் போட்டு எழுதிய அந்தத் தாள்களைத் திருநாவுக்கரசு முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். “சார், இன்னொரு நாள் எண்ணிப் பாத்துருவோம். நீங்க சொல்றது சரினா மூடுற பேச்சே இல்ல. ஆனா ஒரே நாளுதான் சார். அதுக்கு மேல எனக்கு மேலிடத்துல கேக்க முடியாது” என்றார். அந்த நாள், நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை.

(பின்னாலிருந்து யார் அது? “பஸ்ஸு புடிச்சி ஆயிரம் பேர எறக்கிருவோம்!” வேண்டாம், தம்பி! தயவுசெய்து வேண்டாம். ஆயிரம் பேர் வந்தால் நானூறும் பொய்யாகிவிடும். கேமரா வைக்கப் போகிறார்கள். ஒரே முகம் இருபது முறை போய் வந்தால் அதற்கும் ஒரு பக்கம் எழுதுவார்கள்.)

நான் கேட்பது சின்ன விஷயம். செவ்வாய்க்கிழமை நீங்கள் வழக்கமாகப் போகிற இடத்துக்கு வழக்கமாகப் போங்கள். மணியம் மீன் கொண்டுபோகட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும். மோட்டாரில் போகிறவர்கள் மட்டும் புண்ணியமாய்ப் போகும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள்! அட்டையைப் பார்த்துத் திரும்பாதீர்கள். நிமிர்ந்து கடந்து போங்கள்.

ஆம்புரோஸ் கை தூக்குகிறார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

“சார்... நான் நாற்காலிய விட்டு எறங்கிர்றேன் சார். கட்டைய ஊனிக்கிட்டு அந்த நூறு அடி நடந்துருவேன். கொரெட்டி புடிச்சிக்கும். அப்ப ஆளுன்னு எழுதிருவாங்கல்ல?”

வேண்டாம், ஆம்புரோஸ். வேண்டாம். அந்த ஈரத் தண்டவாளக் கட்டைகளில் வழுக்கினால் உங்கள் இருக்கிற காலும் போய்விடும். நீங்கள் எப்போதும்போல உட்கார்ந்தே வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு நானும் தலைவர் இராஜமாணிக்கமும் அந்தக் கூடாரத்தில் நிற்போம். அந்தத் தாளில் உங்களுக்கு ஒரு கட்டம் வரைந்து, அதில் ஓர் ஆள் என்று எழுதிய பிறகுதான் அங்கிருந்து நகர்வோம். உட்கார்ந்திருக்கும் மனிதரை மனிதர் என்று எழுதவைக்க, அவர் எழுந்து நடக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நேரம் திட்டியதைப் பொறுத்துக்கொண்டீர்கள், அதற்கு நன்றி. அழைத்த ஆலயத்துக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் நன்றி. மீதியைச் செவ்வாய்க்கிழமை உங்கள் கால்கள் பேசட்டும். வணக்கம்.