பதினோராவது புத்தகம்

நூலகத்தில் எடுத்துப் படிக்கத் தகுந்த தோட்டப் புத்தகம் எது என்று கேட்டால், நான் முதலில் நத்தைப் புத்தகத்தைத்தான் சொல்வேன், ஐயா. எழுதியவர் நத்தையோடு குடித்தனம் நடத்தியவர் போலிருக்கிறது. அத்தனை விவரம்.

எங்கள் தெரு நூலகத்தில் தோட்டக்கலைக்கு என்று இருந்தது ஒரே ஒரு தட்டு. பதினோரு புத்தகங்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் பதினொன்றின் முதுகிலும் சிவப்புப் பொட்டு. நூலகப் பெண்ணிடம் கேட்டேன்.

"மூணு வருஷமா யாரும் எடுக்கலைம்மா. இந்த வருஷக் கடைசிக்குள்ள முத்திரை விழலேன்னா கூழாக்க அனுப்பிடுவோம்."

"நான் தினமும் வந்து படிக்கிறேனே?"

"இங்க உக்காந்து படிச்சா முத்திரை விழாதே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"சரி, எல்லாத்தையும் நானே எடுக்கிறேன்."

"ஒரு ஆள் பேர்ல வருஷத்துக்கு ஒண்ணுதாம்மா கணக்குல சேரும். உங்களுக்காக விதியை மாத்த முடியுமா?"

நியாயமான பெண். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் பெயரில் நத்தைப் புத்தகத்தை எடுத்தேன். மீதிப் பத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். தேவை இருந்தால்தானே மனிதர்கள் புத்தகத்தைத் தேடுவார்கள்? அதனால் தெருவில் தேவையை உண்டாக்கினேன்.

முனைவீட்டுத் தையல்காரரின் ரோஜாச் செடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஆறாம் நாள், "என்னமோ சீக்கு வந்திருக்கு, அத்தனையும் கருகிப்போச்சு" என்று கண்கலங்கி நின்றார். ரோஜா நோய்கள் பற்றிய புத்தகம் இருப்பதைச் சொன்னேன். ஓடினார். பல் மருத்துவரம்மாவின் கொய்யாக் கிளைகளை ஒடித்தேன். கிளை வெட்டும் முறைப் புத்தகம் போயிற்று. எதிர்வீட்டில் புழு, பக்கத்து வீட்டில் எறும்பு. நடைப்பயிற்சிக்குப் போவது போலத் தூக்குவாளியோடு போய்வந்தேன். உடம்பும் கொஞ்சம் இளைத்தது. ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கையில் ஒன்பது பொட்டுகளை நூலகப் பெண் சுரண்டி எடுத்துவிட்டாள். பத்தாவதை அவளே எடுத்துப் போனாள். அவள் வீட்டுத் தொட்டிச் செடிக்கும் ஏதோ ஆகிவிட்டதாம்.

பாக்கி ஒன்று. நச்சுச் செடிகளைப் பற்றியது. படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

என் தங்கை நூலக அட்டை வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு புத்தகம் எடுத்ததில்லை. அவள் கணவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மண்ணைக் கிளற எதுக்குக்கா புத்தகம், மண்வெட்டி போதாதா?" என்பார். மற்றபடி தங்கமான மனிதர். நான் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்.

ஒரு கிண்ணம் சூப்தான் கொடுத்தேன். கொஞ்சம் வயிறு கலங்கட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தாள்.

"அக்கா, இவரு வாந்தி எடுத்துட்டே இருக்காரு. நீ சூப்புல என்ன இலை போட்டே? பேர் தெரிஞ்சாதான் மருந்து குடுக்க முடியும்கிறார் டாக்டர்."

"நம்ம தோட்டத்து இலைதான்டி. பேர் வாய்ல வரமாட்டேங்குது."

"நல்லா யோசிச்சுப் பாருக்கா."

"லைப்ரரில நாலாவது அலமாரி, கீழ்த்தட்டுல ஒரு புத்தகம் இருக்கு. படத்தோட போட்டிருக்கான். எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு."

"பத்து மணிக்குத்தானே தொறப்பாங்க."

"அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போ."

பெயர் எனக்குத் தெரியும், ஐயா. அந்தச் செடிக்கு இரண்டு பெயர்கள் உண்டு, இரண்டுமே தெரியும். என்ன மருந்து என்பதும் பக்கம் எண்பத்து நான்கில் இருக்கிறது. ஆனால் நானே சொல்லிவிட்டால் அவள் எதற்குப் புத்தகத்தை எடுக்கப் போகிறாள்?

பாவம், எட்டரையிலிருந்து நூலக வாசலிலேயே நின்றிருக்கிறாள். பத்து ஐந்துக்கு முத்திரை விழுந்தது. அவர் பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எதிலும் அவசரம் அவருக்கு.

பக்கம் எண்பத்து நான்கில் இருக்கும் பென்சில் கோடு என்னுடையதுதான். பொதுப் புத்தகத்தில் கோடு போட்டது பெரிய தப்பு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் தங்கையையும் நீங்கள் விசாரிக்க வேண்டும். தவணை முடிந்து நாலு நாளாகியும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாளாம். அவசரமாக அது தேவைப்படுகிற இன்னொருவர் அந்த வாசலில் வந்து நின்றால் அவர் கதி என்ன ஆகும் என்று, கொஞ்சமாவது நினைத்துப் பார்த்தாளா?