தகடு நெளியாமல்

உங்கள் ஸ்டேஷன் ஜீப் உள்ளே வரும்போது பார்த்தேன், மேடம். பின்பக்கம் இடதுபுறம் ஒரு ஸ்பிரிங் பட்டை முறிந்திருக்கிறது. அதனால்தான் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பெரிய வேலை இல்லை. ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் மற்ற பட்டைகளும் போய்விடும். டிரைவரிடம் சொல்லிவையுங்கள்.

நீங்களும் கொள்ளேகால் பக்கம்தான் என்று வாசலில் இருந்த ஏட்டு சொன்னார். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். கன்னடம் எனக்கு நன்றாக வரும். மைசூருக்கு வந்து பாதி ஆயுசு போய்விட்டது. இருந்தாலும் ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டுப் பேச்சில்தான் சொல்ல வருகிறது. என் பெயர் செல்லக்கண்ணு. சொந்த ஊர் அதே பக்கம், ராமாபுரம். ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மாப்பிள்ளை மனோஜ்குமார் என் ஷெட்டில் இறந்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துவதற்காக வந்திருக்கிறேன்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஷெட்டை நீங்களே பார்த்தீர்கள். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிகள் அங்கே நிற்கின்றன. இரண்டு சக்திமான், ஒரு நிசான், கடைசியில் அந்தச் செவர்லே. எதற்காக இந்த லாரிகளைச் சேர்க்கிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பிழைப்புக்காகச் செய்ததெல்லாம் பழைய பாடியைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவதுதான். என் கையில் வந்த எந்த வண்டியும் வந்தபடி திரும்பிப் போனதில்லை. ஒரு வண்டியையாவது பிறந்தபடியே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

அந்தச் செவர்லே பர்மா சண்டைக்காகக் கப்பலில் வந்த வண்டி. சண்டை முடிந்ததும் மரம் வெட்டுகிறவர்கள் வாங்கி, மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஓட்டித் தேய்த்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தபோது அடிச்சட்டமான சேஸும் முன்பக்கமும்தான் இருந்தன. பின்னால் இருக்க வேண்டிய பாடி இல்லை. சேஸில் ராணுவப் பட்டறைக்காரர்கள் உளியால் ஓர் எண் அடித்திருந்தார்கள். பாடியின் குறுக்குச் சட்டத்திலும் அதே எண் இருந்திருக்கும். அந்தப் பாடி எங்கேயோ கோழிக்கூடாகவோ கூரையாகவோ கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தேடினேன்.

கண்டுபிடித்தது மனோஜ்குமார்தான். அவர் நல்ல பையன், மேடம். சாமராஜநகரில் பிறந்து வளர்ந்தவர். இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் மகள் ஸ்வாதியைக் கட்டிய புதிதில் மாமனாருக்கு மரியாதை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்கு வந்து ஓரமாக நிற்பார். பிறகு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். பிறகு அவராகவே கழற்ற ஆரம்பித்தார். கை கொப்புளித்துப் போகும். வீட்டுக்குப் போனால் ஸ்வாதி திட்டுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுவார்.

ராமாபுரத்தில் எங்கள் பங்காளி வீட்டுச் சாவுக்கு இருவரும் போயிருந்தோம். நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அவர் போன் பேசுவதற்காகப் பக்கத்துத் தோட்டத்துப் பக்கம் போனவர், ஓடிவந்தார். மாட்டுக் கொட்டகையில் தவிடு கொட்டிவைக்கும் தொட்டியாக அந்தப் பாடி கிடந்தது. அடியில் புகுந்து, காய்ந்த சாணியைத் தன் கைக்குட்டையால் துடைத்து எண்ணைக் காட்டினார்.

"மாமா, ஜோடி சேந்துருச்சுங்க," என்றார்.

சாவு வீட்டில் அவரைக் கட்டிப்பிடித்தேன். நான் யாரையும் அப்படிச் செய்கிறவன் இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வண்டியை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோர்ட்டில் காரணம் தேடுவார்கள்.

தசரா ஊர்வலத்தில் பழைய வண்டிகளோடு அதையும் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அது நடந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பாடியைச் செயின் புல்லியில் தூக்கி, சேஸுக்கு மேலே கொண்டுவந்தோம். பாடியின் முன்பக்கத்தைப் பழைய போல்ட்டுகளிலேயே மாட்டினோம். புது போல்ட் போட எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. துளைக்குத் துளை சரியாக வருகிறதா என்று பார்க்க அவர் சேஸின்மேல் ஒரு காலைப் போட்டு உள்ளே குனிந்தார். கொக்கி நழுவியது. பாடியின் பின்பக்கம் அப்படியே இறங்கியது. குறுக்குச் சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவில் அவருடைய தொடை மாட்டிக்கொண்டது.

அதுவரை நடந்தது விபத்துதான். நீங்கள் எழுதியது தப்பு இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும்தான் நான் சொல்ல வேண்டும்.

அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"கால் மாட்டிக்கிச்சுங்க மாமா."

"அசையாதீங்க மாப்ளை," என்றேன்.

செயின் புல்லி முறுக்கிக்கொண்டு இறுகிவிட்டது. அதை வைத்துத் தூக்க முடியாது. மூன்று வழிகள் இருந்தன. ஷெட்டின் மூலையில் கேஸ் கட்டர் இருந்தது. சிலிண்டரில் கேஸ் இருந்தது. குறுக்குச் சட்டத்தை இரண்டு இடத்தில் அறுத்தால், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவரை வெளியே எடுத்திருக்கலாம். ஆனால் எண் அடித்திருந்தது அந்தச் சட்டத்தில்தான். இரண்டாவது, பக்கத்துப் பட்டறை மல்லப்பனைக் கூப்பிடுவது. அவருடைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார்கள். நாலைந்து பேர் கடப்பாரை போட்டு நெம்பினால் பாடி தூக்கிக்கொள்ளும். ஆனால் ஓரத்துத் தகடு நெளிந்துவிடும். எண்பது வருஷத்துத் தகடு. ஒரு தடவை நெளிந்தால் என்ன தட்டினாலும் பழையபடி வராது. மூன்றாவது, முன்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பாடியை உருளைக் குழாய் கொடுத்து முன்னால் நகர்த்துவது; அதற்கு ஒரு ஆள் போதும். பாடி விழுந்த வேகத்தில் அந்தப் போல்ட்டுகள் வளைந்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, பொறுமையாகத் திருப்ப வேண்டும். ஆனால் எதற்கும் சேதம் இல்லை.

நான் மூன்றாவதைச் செய்தேன்.

"அந்தக் கட்டர எடுங்க மாமா," என்று அவர் சொன்னார்.

"போல்ட்டு கழண்டுரும் மாப்ளை. கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. என் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர். அவர் தலைக்கு என் துண்டைச் சுருட்டி வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சேஸின் ஓரமாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் டிரம்முக்குள் போய்விடக் கூடாதே என்று அடியில் ஒரு தட்டை வைத்தேன். அப்போது அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை. எண்ணெய் ஒழுகினால் வைப்போமே, அதுபோல வைத்தேன்.

சத்தம் கேட்டு மல்லப்பன் வாசலுக்கு வந்தார். "ஏனாயித்து, அண்ணா?" என்று, என்ன ஆச்சு என்கிற மாதிரி, வெளியிலிருந்தே கேட்டார். நான் ஷெட் கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, தகரம் விழுந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று கன்னடத்தில் சொன்னேன். மனோஜ்குமார் உள்ளேயிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மல்லப்பனுக்கு அது கேட்கவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்ரஸரை நான்தான் போட்டேன். காற்றில் ஓடும் ஸ்பானரை மாட்டலாம் என்று போட்டதாக உங்களிடம் முன்பு சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்பானரை நான் எடுக்கவே இல்லை. அதை வைத்தால் பழைய போல்ட் முறிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மல்லப்பனின் செருப்புச் சத்தம் கேட்டதும் போய்ச் சுவிட்சைப் போட்டேன். அவர் போன பிறகும் நிறுத்தவில்லை.

பிறகு ஸ்வாதி போன் செய்தாள். மாப்பிள்ளையின் போன் ஒர்க் பெஞ்சில் இருந்தது. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பேசினேன்.

"அப்பா, நீங்களா? அவர் எல்லி, எங்க? களி கிண்டியாச்சு. ஆறிப்போனா கல்லு மாதிரி ஆய்டும்."

"மாப்ள கையெல்லாம் கிரீஸும்மா. இன்னும் கொஞ்ச வேலைதான். முடிச்சுட்டு வந்தர்றோம்."

"ரெண்டு பேரும் சேந்தா ஊட்டா, நித்திரை எதுவும் ஞாபகம் இருக்காது. சீக்கிரம் வாங்கப்பா. அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அவளும் சொல்லவில்லை.

திரும்பி உள்ளே போனபோது மாப்பிள்ளையின் முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியிருந்தது. "ஸ்வாதிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வரச் சொல்லுங்க மாமா," என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு கட்டரைப் பற்றிப் பேசவில்லை. குளிருகிறது என்று மட்டும் சொன்னார். வெளியே நல்ல வெயில். லாரியை மூடும் தார்ப்பாயை அவர்மேல் போர்த்திவிட்டு நான் முன்பக்கம் போனேன்.

முதல் இரண்டு போல்ட்டுகள் சுலபமாக வந்தன. மூன்றாவது அடம்பிடித்தது. அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இந்த இடத்தில் என் முகத்தைப் பார்க்கிறீர்கள். அப்போது எனக்குப் பதற்றமாக இருந்ததா என்று கேட்க நினைக்கிறீர்கள். இல்லை. வேலை செய்யும்போது எனக்கு எப்போதும் இருக்கிற நிதானம்தான் இருந்தது. பின்பக்கம் அவருடைய முனகல் சத்தம் நின்றுவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து நாலு எட்டு வைத்துப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் கட்டரை எடுக்க வேண்டிவரும். அதனால் பார்க்கவில்லை.

கடைசிப் போல்ட் மரை தேயாமல், முழுசாகக் கழன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதுங்கள்.

பாடியை முன்னால் நகர்த்தி அவரை வெளியே எடுத்துப் படுக்கவைத்தேன். ரத்தம் நிறைந்த தட்டைச் சாக்கடையில் கொட்டிக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் மல்லப்பனைக் கூப்பிட்டேன். அப்போது அழுதேனாம். மல்லப்பன் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், சீக்கிரமாகக் கொண்டுவந்திருந்தால் காலைத்தான் எடுத்திருப்போம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். ஸ்வாதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இப்போதுதான் நடந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்ததால், டாக்டர் சொன்னதை அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

காரியம் எல்லாம் முடிந்தது. அவள் என் வீட்டிலேயே இருக்கிறாள். பேசுவது குறைவு. எனக்குச் சோறு போடுகிறாள். ராத்திரி மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். நேற்று மத்தியானம் ஷெட்டுக்கு வந்தாள். கூட ஒரு ஆள் இருந்தான். பழைய இரும்பு அறுத்து எடுக்கிறவன். அவன் செவர்லேயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அதை வெட்டிடணும்ப்பா," என்றாள். "ஒரு துண்டுகூட இங்க இருக்கக் கூடாது. அது அவரைத் தின்னுடுச்சு."

"வண்டி என்னம்மா பண்ணுச்சு?" என்றேன்.

"நீங்க அதுக்குப் பரிஞ்சு பேசாதீங்கப்பா. ப்ளீஸ். அதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு உயிர் போவுது."

"தசரா வரைக்கும் இருக்கட்டும். மாப்ளை ஆசைப்பட்டது."

"அவர் பேர்ல இருக்குப்பா அது. இப்போ நான்தான் சொல்லணும். நாளைக்குக் காலைல வர்றாங்க."

அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னது நியாயம். வண்டி அவளுடையது. நான் கதவைப் பூட்டினால் உடைத்துக்கொண்டு வருவாள், அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது. அந்த ஆள் போகும்போது குறுக்குச் சட்டத்தைக் காலால் தட்டி, முதலில் இதை அறுத்தால் மற்றது சுலபம் என்று கன்னடத்தில் அவளிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு பாவமும் அறியாத வண்டிமேல் பழி விழக் கூடாது. அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மனோஜ்குமாரை நான்தான் கொன்றேன். கட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மல்லப்பன் வாசல்வரை வந்தார். போன் என் காதில் இருந்தது. அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. தகடு நெளியக் கூடாது என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அந்த இரண்டும் ஒன்றுதான் என்பது மூன்றாவது போல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஜாமீன் கேட்க மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இது இப்போது கொலை வழக்கு. அந்த லாரி வழக்குக்கு ஆதாரம். கேஸ் நடந்து முடிகிறவரைக்கும், எத்தனை வருஷம் ஆனாலும், அதை யாரும் தொடக் கூடாது, வெட்டக் கூடாது, அப்படித்தானே மேடம்? வக்கீல் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். ஸ்டேஷன் மைதானத்துக்கு இழுத்துவந்து வெயிலிலும் மழையிலும் போடாமல், ஷெட்டிலேயே வைத்துச் சீல் போட்டுவிடுங்கள். சாவி இதோ இருக்கிறது.

ஸ்வாதியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் தாங்க மாட்டாள். ஆனால் அதற்கு அவசரம் இல்லை, முதலில் போய்ச் சீல் வையுங்கள்.