மேல்மாடி ஐந்தரை

மொன்றியலில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் புத்திமதி, குளியலறையை அரை என்று எண்ணப் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான். மூன்றரை என்றால் மூன்று அறையும் ஒரு குளியலறையும். அந்த மூன்றிலேயே சமையலறையும் அடக்கம். இது தெரியாமல் புக்கரெஸ்டில் உட்கார்ந்துகொண்டே ஒரு இரண்டரை வீட்டைப் பேசி முடித்தோம், நானும் என் கணவர் லிவியுவும். இரண்டு படுக்கையறை, கூடவே ஒரு குட்டி அறை, பிள்ளை பிறந்தால் அதற்கு ஆகும் என்று அவர் மனக்கோட்டை கட்டினார். வந்து கதவைத் திறந்தால் பாதி தரைக்கடியில் ஒரே ஓர் அறை, ஓர் அடுப்படி. அரை மட்டும் சொன்னபடி இருந்தது.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், மேடம். சமூக நலத்துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் அந்த நிலவறையைச் சொல்லாமல் மற்றது விளங்காது. காப்பி ஆறுகிறது பாருங்கள், குடியுங்கள்.

அங்கே ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் பார்த்த ஜனங்களுக்கு முழங்காலுக்கு மேல் எதுவும் கிடையாது. சுவரில் ஈரம் ஏறியது. லிவியுவுக்குப் பிடித்த இருமல் விடவே இல்லை. வேறு வீடு பார்க்கப் போனால் பழைய வீட்டுக்காரரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கொண்டு வா என்றார்கள். புக்கரெஸ்டில் எங்களுக்குச் சொந்த வீடு, கடிதம் தர யார் இருக்கிறார்கள்? என்னைப் பற்றி நானே உயர்வாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். எடுபடவில்லை. பதினாறு வீடு ஏறி இறங்கினோம். பதினேழாவது வீட்டுக்கு வரிசை தெருமுனை வரை நின்றது, அப்படியே திரும்பிவிட்டோம்.

எங்கள் தலைக்கு மேலே ஓர் ஐந்தரை. அதில் ஃபெர்னான் தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது, மனைவி போய் ஆறு வருடம். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கே ஆள் மாறாதவரை வீட்டுக்காரர் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பதால், நல்ல வீடு அமைந்தவர்கள் அதைவிட்டு நகரவே மாட்டார்கள். அப்படியே நகர்ந்தாலும் ஒப்பந்தத்தை அதே வாடகைக்கு வேண்டப்பட்டவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்குத்தான் இந்த ஊரில் வேண்டப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.

ஃபெர்னான் நல்ல மனிதர். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நாங்கள் குடிவந்த வாரமே மண்வாரியோடு இறங்கி வந்து, எங்கள் ஜன்னலை மூடியிருந்த பனியைத் தள்ளினார்.

"ஏம்மா, குகைக்குள்ள கரடி கணக்கா ரெண்டு பேரும் அடைஞ்சு கெடக்கீங்களே. மேல வாங்க. வெயில்னு ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனோம். தெற்குப் பார்த்த ஜன்னல்கள், பால்கனியைத் தொடும் மேப்பிள் மரம். லிவியு அந்த வெயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் இருமவில்லை. அன்றைக்கே என் மனதில் முடிவாகிவிட்டது என்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நானாக எதையும் தொடங்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் அவரே சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டு மளிகைக் கடைக்குப் போய்விட்டார். யாருக்கும் நடக்கிற காரியம். அவருடைய மகள் மனோனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று போன் செய்தேன். அவள் கத்தினோவில் இருக்கிறாள், காரில் இரண்டு மணி நேரம்.

"அப்பா நெசமாவே நல்லா இருக்காரா ஒட்டிலியா? எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டாரு."

"பயப்படாதீங்கக்கா. ஒண்ணும் இல்ல. வயசாவுதுல்ல? நான் பாத்துக்கறேன்."

அந்த 'ஒண்ணும் இல்ல'தான் அவளைக் கிளப்பிவிட்டது. மறுநாளே வந்து நின்றாள். அப்பாவுக்கு ஏதாவது என்றால் திறந்து பார் என்று மாற்றுச் சாவியை என் கையில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்தச் சாவியை நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மதியம் சாப்பிட்டதும் ஃபெர்னான் இரண்டு மணி நேரம் அசந்து தூங்குவார். நான் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைப்பேன். பல் துலக்கும் பிரஷைக் கரண்டிகளோடு சேர்த்துவிடுவேன். நாட்காட்டியில் ஒரு தாள் கூடுதலாகக் கிழிப்பேன். திருடவில்லை, உடைக்கவில்லை. அவருடைய பொருள் அத்தனையும் அவருடைய வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. முதல் வாரம் அவரே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று மஞ்சள் சீட்டுகளில் எழுதி வீடு முழுக்க ஒட்ட ஆரம்பித்தார். சீட்டுகளையும் நான் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அதுதான் கொஞ்சம் பெண்டு நிமிர்த்திய வேலை.

கடைசியில் முடித்துவைத்தது அவருடைய கார். பனி அள்ளுகிற நாளில் தெருவில் சங்கு ஊதுவார்கள், தெரியுமே. காரை எடுக்காதவன் காரை இழுத்துக்கொண்டு போய் வேறு தெருவில் விட்டுவிடுவார்கள். செருப்பும் பைஜாமாவுமாக ஊரே இறங்கி ஓடும். ஃபெர்னான் மட்டும் ஓடியதே இல்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்து முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. மார்ச் மாதம் அப்படிப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து படுத்தார். நான் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துப் போய், காரை அவருடைய பழைய பேருந்துப் பணிமனை வாசலில் நிறுத்தினேன். வேறெங்கும் நிறுத்தாமல் அங்கே நிறுத்தியது கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். கையுறைகூட இல்லாமல் ஒரு பேருந்து நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஊர்ல எனக்குத் தெரியாத சந்து கெடையாதும்மா. காரை எங்க விட்டேன்னு தெரியல."

"எங்கயாவது நிக்கும், வாங்கய்யா. சூப் வச்சிருக்கேன்."

"மனோன் கிட்ட சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன்."

ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. கார் எங்கே நின்றது என்று போலீஸ் சொன்னதும், வேலைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு அப்பா ஓட்டிப் போயிருக்கிறார் என்று மனோன் போனில் விம்மினாள். நானும் அழுதேன். நடிப்பில்லை மேடம், நிஜ அழுகைதான்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். ஞாபகத்தைச் சோதிக்க அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அதற்குள் அவர் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் பாதியாகிவிட்டிருந்தார். பன்னிரண்டு எண்களையும் எழுதிவிட்டு, முள்ளை எந்தப் பக்கம் போடுவது என்று என் முகத்தைப் பார்த்தார். மே மாதம் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. மனோன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீடு எவன் கைக்கோ போறதுக்கு நீ எடுத்துக்க ஒட்டிலியா. அப்பாவும் அதத்தான் சொல்றாரு. பெத்த மக நான் செய்யாதத நீ செஞ்ச."

ஃபெர்னான் ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். ஜூலை ஒன்றாம் தேதி வழக்கம்போல மொன்றியலே வீடு மாறியது. வளைந்த இரும்புப் படிகளில் ஃபிரிட்ஜும் சோபாவுமாக மாட்டிக்கொண்டு ஊரே கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு மாடி ஏறினோம், காரியம் முடிந்தது. ஆகஸ்டுக்குள் லிவியுவின் இருமல் போன இடம் தெரியவில்லை. செப்டம்பரில் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. பிள்ளைக்கு எந்தக் குட்டி அறை என்று இந்த முறை அளந்தே பார்த்துவிட்டோம்.

அப்போதுதான் மனோன் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாராம், சீட்டாட்டத்தில் எல்லோரையும் தோற்கடிக்கிறாராம்.

"டாக்டரே ஆச்சரியப்படறாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு சொல்றாரு. நீங்க வேற எடம் பாத்துக்க டைம் தர்றோம், அவசரமே இல்ல."

வேறு இடம் பாருங்கள் என்று அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் தெரியுமா? அவள் ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை.

ஞாயிறு தோறும் நான் கோஸ் இலைக் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு ஃபெர்னானைப் பார்க்கப் போவது வழக்கம்தான். அந்த ஞாயிறு அவர் கை கழுவப் போனபோது செருப்பைத் தலையணைக்கடியில் வைத்தேன். அடுத்த ஞாயிறு மாத்திரைகளைப் பூச்சாடியில் போட்டேன். அதற்கடுத்த வாரம் அவர் மனைவியின் படத்தை எடுத்துக் குப்பைக் கூடையில், ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்தேன். அது கொஞ்சம் கடுமைதான். என் வயிற்றுப் பிள்ளையை நினைத்துக்கொண்டு செய்தேன்.

ஞாயிறு மாலை மட்டும் ஏன் இவர் இப்படி உடைந்துபோகிறார் என்று உங்கள் நர்ஸ் ஒருத்தி வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். கெட்டிக்காரி. ஒவ்வொரு ஞாயிறும் என் பெயர், என் கையெழுத்து. நான் எதையும் ஒளித்துச் செய்தவள் இல்லை.

ஆக, கண்ணாடி, சீட்டு, கார், மாத்திரை, படம், எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நேற்று நடந்ததாக நீங்களே சொன்னதை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நீங்களும் டாக்டரும் மனோனும் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னீர்கள். வீட்டைத் திரும்ப வாங்கித் தருகிறோம், உடுத்திக்கொண்டு கிளம்புங்கள் என்றுகூடச் சொன்னீர்கள். அவர் என்ன சொன்னார்?

"அந்தப் பொண்ணு மேல பழியப் போடாதீங்க. என் மூளைதான் போச்சு. அத ஒத்துக்கறதுக்கே எனக்கு எத்தன நாளாச்சு தெரியுமா? என்னய எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க."

கட்டில் கம்பியை விடவே மாட்டேன் என்றாராம். கேட்க எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. வீட்டைக் காலி செய்து தரவும் நான் தயார், வர மாட்டேன் என்பது அவர் சொந்தப் புத்தியோடு எடுத்த முடிவு. அதில் என் கை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.