ரெண்டு டிரம் கறுப்புத் தண்ணி

அரங்கநாதன்: மூடிய அழுத்திப் புடி, ஜெயம். ஒரு சொட்டு சிந்திச்சின்னா விழுப்புரம் ஜங்ஷன்ல எந்த ரயிலும் நிக்காது.

ஜெயம்: நான் டிரம்மப் புடிச்சிக்கினுதான் வர்றேன். நீங்கதான் மூக்கப் புடிச்சிக்கினு வர்றீங்க.

பூவரசன்: அண்ணே... வண்டி பேசும்போது பஞ்சகவ்யம்னு சொன்னீங்களே...

அரங்கநாதன்: அதுக்கு அண்ணன்டா இது. நீ ஓட்டு.

பூவரசன்: போன வாரந்தாண்ணே இந்தக் குட்டியானை வண்டிக்கு பெயிண்ட் அடிச்சேன்...

ஜெயம்: உண்மையச் சொல்லிடுறேன் தம்பி. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துல ஒரு ஊர்ல சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற தொட்டி இருக்கு. அதுல அள்ளின சேறு.

பூவரசன்: ஐயையோ! எங்க கொட்டப் போறீங்க?

ஜெயம்: எங்க ஊரு தொட்டியில.

பூவரசன்: ஏன், உங்க ஊர்ல சேறு இல்லியா?

அரங்கநாதன்: இருக்கு, உசுரு இல்ல. இதுல ஒரு ஸ்பூன் எடுத்தா நூறு கோடி கிருமிடா! எல்லாம் நல்ல புள்ளைங்க. சோப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி, எது வந்தாலும் தின்னுடும். அப்புறம் அந்தத் தண்ணி ஜல்லியில எறங்கி, கல்வாழை வேருல பூந்து, கண்ணாடியா வெளிய வரும். அதுல மொகம் பாத்துத்தான் நான் ஷேவ் பண்ணுவேன்.

ஜெயம்: அண்ணா, போதும்...

அரங்கநாதன்: மீசைகூட ட்ரிம் பண்ணியிருக்கேன்!

ஜெயம்: போன வாரம் ஆபீசரம்மா தொட்டியப் பாக்க வந்தாங்க தம்பி. வந்துட்டுப் போன நாலாம் நாளு, நாத்தம் பக்கத்து ஊரு காணை வரைக்கும். கிருமி பூரா செத்துக் கெடக்குது.

பூவரசன்: ஆபீசரப் பாத்தா?

ஜெயம்: யாரோ மருந்து கொட்டியிருக்காங்கன்னு இஞ்சினீயர் சொல்லிட்டாரு. வேற ஊரு சேறு கொண்டாந்து ஊத்தினா மறுபடியும் உசுரு புடிக்குமாம்.

பூவரசன்: யாருக்கா கொட்டினது?

அரங்கநாதன்: ...ரோட்டப் பாரு, பூவரசா. லாரி வருது.

பூவரசன்: லாரி எங்கண்ணே வருது?

ஜெயம்: இன்னும் இருபது நாள்ல தண்ணிய டெஸ்டுக்கு எடுப்பாங்க. ஃபெயிலாச்சின்னா தொட்டிய மண்ணு போட்டு மூடிடுவாங்க. தெருத் தண்ணி பழையபடி ஏரிக்குப் போகும். குடிதண்ணி போரு அந்த ஏரி ஓரந்தான் இருக்குது.

பூவரசன்: பேஜாருதான். பேசாம விட்டுடுங்களேன்...

ஜெயம்: விடறதா? வார்டு மெம்பரா ஆனதுலேர்ந்து இதுக்காகத்தான் ஆபீசு ஆபீசா ஏறி எறங்கினேன். ரெண்டு டிரம் பத்தலன்னா இருபது டிரம். வண்டி வரலன்னா தலையில தூக்கிக்கினு நடந்தே வருவேன்.

அரங்கநாதன்: நானும் வர்றேன். முப்பத்தாறு வருஷம் ரயில்வே கார்டு. நான் கொடி காட்டினா கழுகே லைன் மாறிப் பறக்கும்...

ஜெயம்: கொடி கெடக்கட்டும். மருந்து கொட்டின ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும்...

அரங்கநாதன்: கெடைச்சா?

ஜெயம்: இந்த டிரம்முக்குள்ளயே முக்கி எடுப்பேன்.

அரங்கநாதன்: ...முழுசாவா?

ஜெயம்: உங்களுக்கு ஏன்ணா வேர்க்குது?

அரங்கநாதன்: வெயிலு.

ஜெயம்: மழ தூறுது.

அரங்கநாதன்: ...ஜெயம். கோவப்படாம கேளு. ஆபீசர் வந்தா தெரு ரெண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர் கோடு போடுவோம் இல்ல? அன்னிக்கும் விடியக்காலமே போட்டேன். ஒரு மூட்ட மிச்சமாச்சி. வெள்ளையா, சுத்தமாத் தெரியட்டுமேன்னு... தொட்டியில தட்டிட்டேன்.

பூவரசன்: முழு மூட்டையுமா!

அரங்கநாதன்: நூறு கோடியும் என்னாலதான் செத்துச்சி. ஊரக் கூட்டிச் சொல்லு, நான் நிக்கிறேன். ஆனா டெஸ்டு முடியற வரைக்கும் டிரம் தூக்க என்ன விடு. அவ்ளோதான் கேக்கறேன்.

ஜெயம்: நீங்க தட்டும்போது அங்க ஒண்ணுகூட உசுரோட இல்லண்ணா... ஆபீசரம்மா மூக்க மூடிடக் கூடாதேன்னு, முந்தின நாளே நான் பத்து பாட்டில் பினாயில் ஊத்திட்டேன்.