சீப்பு நிக்காத தலை

கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தலைய மட்டும் ஆட்டாம இருங்க. கல்யாணக் கிரீடத்துக்கு அடியில, முடியில சொருகுற சீப்ப வச்சு தச்சிக்கிட்டிருக்கேன், அதுவும் உங்க தலையில வச்சே. எங்க நிக்குது எங்க வழுக்குதுன்னு பாத்துப் பாத்துத்தான் முடிச்சு போடணும். நீங்க பாட்டுக்கு திரும்புனா ஊசி நெத்தியில ஏறுமா காதுல ஏறுமான்னு எனக்குத் தெரியாது.

முன்னாடி பாருங்க. கண்ணாடிய. கண்ணாடியில உங்க மொகத்த. அந்தப் பொட்டிய இல்ல.

தூங்குறான். தூங்கட்டும்.

இந்த ஒரு மாசத்துல இது அஞ்சாவது தடவ, தெரியுமில்ல? மொத தடவ முத்து வச்சத காட்டுனேன், பல்லு வரிசை மாதிரி இருக்குன்னீங்க. கம்பியில இலை இலையா பண்ணுனத காட்டுனா ஆட்டுக்குக் கட்டுன தழை மாதிரி இருக்குன்னீங்க. கல்லு வச்சது கனமா இருக்கு. துணிப்பூ வச்சது கனமே இல்ல. முக்காட்டுக்கு முழங்கை வரைக்கும் நெட்டுத் துணி போதும்னீங்க, அடுத்த வாரம் இடுப்பு வரைக்கும்னீங்க, அதுக்கடுத்த வாரம் தரையில இழுபடணும்னீங்க. முதலாளியம்மா, பெரிய எடத்து ஆர்டருன்னு வாயெல்லாம் பல்லா தலையாட்டிச்சு. அதுக்கென்ன, தலையாட்டும். மறுபடி மொதல்ல இருந்து ஓரம் மடிச்சு தைக்கிறது நாந்தானே?

ஏழு வருஷமா கல்யாணப் பொண்ணுங்கள பாக்குறேன். கிரீடத்த தலையில வச்சதும் கண்ணாடிய விட்டு நகர மாட்டாளுங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பா, அந்தப் பக்கம் திரும்பிப் பாப்பா, போன்ல படம் புடிப்பா, ஒண்ணு ரெண்டு பேரு அழுவக்கூட செய்வாளுங்க. நீங்க ஒரு தடவையாவது உங்களப் பாத்திருக்கீங்களா? கிரீடம் தலையில, கண்ணு பொட்டியில.

ஆமா, அட்டப்பொட்டிதான். நெட்டுச் சுருள் வந்த பொட்டி. தொட்டில் வாங்க வக்கில்லாம இல்ல, வீட்ல இருக்கு. இங்க மிஷின் சத்தத்துல அந்தப் பொட்டியிலதான் அவனுக்கு தூக்கம் வருது. அடியில துண்டு நெட்டு நாலு அடுக்கு, மேல என் பழைய போர்வ. மூஞ்சி ஏன் அப்படி போவுது உங்களுக்கு? பஞ்சு மெத்தையில படுக்க வேண்டியவன்னா?

மூணாவது தடவ வந்தப்ப நான் கத்திரி எடுக்க முன்னாடி போன நேரத்துல அவன தூக்கி வச்சிக்கிட்டிருந்தீங்க. உச்சந்தலைய மோந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. என்னன்னு கேட்டா, எனக்கு கொழந்தைங்கன்னா உசுருன்னீங்க. அன்னிக்கு முதலாளியம்மா பேத்தியும் இங்கதான் தவழ்ந்துக்கிட்டிருந்துச்சு. உங்க கால்லயே வந்து முட்டிச்சு. குனிஞ்சுகூட பாக்கல நீங்க.

போன தடவ பொட்டி ஓரத்துல ஒரு ஜோடி சாக்ஸ் சொருகிட்டுப் போனீங்களே, நீலக் கலர்ல, யாருக்கும் தெரியாம. நல்ல பஞ்சுங்க. மிஷின் எண்ணெய என்னமா உறிஞ்சுது. ரெண்டு நாள்ல கருப்பாயிடுச்சு. அதோ, கொக்கியில தொங்குது பாருங்க ஒண்ணு.

அழுவாதீங்க. மை ஒழுகி நெட்டுல பட்டா போகாது, அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்.

யாருகிட்ட சொல்லுவீங்க, முதலாளியம்மாகிட்டயா? சொல்லுங்களேன். உங்களுக்கு வரப்போற மாமியாரோட ஒக்காந்து முன்னாடி டீ குடிச்சிக்கிட்டிருக்கு. இந்தத் திரைய விலக்கி ஆறு எட்டு வச்சா போதும். உள்ள தைக்கிற பொண்ணு என்னத் திட்டுதுன்னு சொல்லுங்க. எதுக்குத் திட்டுதுன்னு உங்க மாமியாரு கேப்பாங்க, அதுக்கு பதில் யோசிச்சுக்கிட்டுப் போங்க. இங்க எனக்குப் பேரே ஊமச்சிதான். வாயில எப்பவும் நாலு குண்டூசி இருக்கும், பேசுனா விழுந்துடும்னு பேச மாட்டேன். அப்படியே பழகிப்போச்சு. இன்னிக்குத்தான் ஊசிய எடுத்து கீழ வச்சிட்டு பேசுறேன், உங்களுக்காக.

பாத்தீங்களா, மறுபடி வழுக்குது. நெத்தியோரத்துல சீப்பு புடிக்க முடியே இல்ல. கோழிக்குஞ்சு மாதிரி குச்சி குச்சியா புது முடி நிக்குது, எண்ணெய் தடவுனாலும் படிய மாட்டேங்குது. காய்ச்சல்ல கொட்டிடுச்சுன்னு மொத தடவ வந்தப்ப உங்கம்மா சொன்னாங்க. இருக்கலாம். நாலாங்கிளாசோட நின்னவளுக்கு என்ன தெரியும். ஆனா இங்க பாருங்க, நான் என் தலைத்துணிய நகத்துறேன். என் நெத்திய பாருங்க. அதே எடம், அதே குச்சி, அதே நீளம். எனக்கு காய்ச்சல் வரல. புள்ள பொறந்துச்சு. நாலாம் மாசம் கொத்துக் கொத்தா கொட்டிச்சு, இந்தா ஏழாம் மாசம், முளைச்சிக்கிட்டிருக்கு.

எங்க எந்திரிக்கிற? உக்காரு. இனிமே நீங்க வாங்கன்னு எனக்கு வாயில வராது.

ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம். நீ மேல தனி ரூமு, நான் கீழ பொது வார்டு. என்னோடது அழவே இல்ல. துணியில சுத்தி ஒரே ஒரு தடவ காட்டுனாங்க, மூக்கு மட்டும் ஞாபகம் இருக்கு. மறுநாள் பால் கட்டி நெஞ்சு கல்லாட்டம் இருந்துச்சு. அப்பத்தான் கூட்டிப் பெருக்குற ஆயா வந்து காதுல சொல்லிச்சு. மேல ஒரு பொண்ணு பெத்துப் போட்டுட்டு சுவத்தப் பாத்து படுத்திருக்கு, அவங்கம்மா எங்கயாவது குடுத்துடச் சொல்றாங்க, நீ எடுத்துக்கிறியான்னு. எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் யோசிக்கலாம்னாரு. நான் யோசிக்கல. அவன் வாய வச்சு இழுத்த இழுப்புல... சரி, அத உங்கிட்ட எதுக்கு சொல்லிக்கிட்டு.

அந்த ஆயாவுக்கு ஓட்ட வாயி. உன்னப் பத்தி எங்கிட்ட சொன்ன மாதிரிதானே என்னப் பத்தி உங்கிட்ட சொல்லிச்சு? இல்லன்னா இத்தன பெரிய கடையெல்லாம் விட்டுட்டு நீ இந்த சந்துக்குள்ள வந்து கிரீடம் பாப்பியா.

நல்லா கேட்டுக்க. தர மாட்டேன். கல்யாணம் முடியட்டும், கட்டிக்கப் போறவருகிட்ட மெல்ல மெல்ல சொல்லி, மனச மாத்தி, கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு மனக்கோட்ட கட்டாத. பொறப்புச் சீட்டுல என் பேரு இருக்கு. உன்ன யாரும் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்க, தெரியும். எல்லாம் உங்கம்மா முடிவாத்தான் இருக்கும், இந்தக் கல்யாணமும் அவங்க முடிவுதானே. பாவந்தான் நீ. பாவம்னு பிச்சுக் குடுக்க அவன் என்ன ரொட்டியா?

தொடாத. கைய எடு. அவன் தூக்கத்துல சிணுங்குனா நான் பாத்துக்கிறேன்.

இந்தக் கிரீடத்தையே எடுத்துக்க. சீப்பு வேணாம், பிரிச்சுடுறேன். அதுக்கு பதிலா பின்னாடி ரெண்டு வளையம் வச்சுத் தர்றேன். உச்சியில ஒல்லியா ஒரு பின்னல் போட்டு அதுல கோத்துக் கட்டுனா நாள் பூரா அசையாது. நெட்ட நெத்திக்கு முன்னாடி கொஞ்சம் எறக்கி விடுறேன், குச்சி முடி ஒருத்தர் கண்ணுலயும் படாது. வேலையில குறை வைக்க மாட்டேன், அத நம்பலாம். அதோட இந்தக் கடை வாசப்படி உனக்கு மறந்துடணும்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இதுக்குத்தான் ஒரு வாரமா உன் வழிய பாத்துக்கிட்டிருந்தேன். இல்லன்னா இன்னிக்கு உள்ளயே விட்டிருக்க மாட்டேன்.

அவனுக்கு போன வாரம் காய்ச்சல். சளிக் காய்ச்சல்தானேன்னு மடியில போட்டு தட்டிக்கிட்டிருந்தேன். கண்ணு அப்படியே மேல சொருகிடுச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ரெண்டு நிமிஷம் வந்திருக்கும்னாரு டாக்டரு. அப்புறம் கேட்டாரு, உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி வந்திருக்கா, அப்பா, அம்மா, மாமன், யாருக்காவதுன்னு. இல்லன்னேன். எங்க பக்கம் ஒருத்தருக்கும் இல்ல, அது உண்மதான். அவரும் எழுதிக்கிட்டாரு. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எழுதுனது எங்க கத, கட்டில்ல கெடக்கிறது உன் ரத்தம். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காரு.

சொல்லு. உங்க வீட்ல யாருக்காவது வந்திருக்கா? உனக்கு?

அவனப் பெத்தவன் பக்கம் தெரியாதா. சரி, அவன விடு. உன் பக்கம் சொல்லு.

தம்பிக்கா? எத்தன தடவ?

நாலு தடவையா. உசுரோட இருக்கானா அவன்? எங்க? வெளிய வண்டியிலயா? வாசல அடைச்சு வண்டிய நிறுத்திட்டு தெருவுக்கே கேக்குற மாதிரி பாட்டு வச்சிக்கிட்டிருக்கானே ஒரு நெட்டையன், அவனா உன் தம்பி?

அவ்வளவு பெரிய ஆளாயிட்டானா.

இரு, கண்ணு மறைக்குது, ஊசிய எங்க வச்சேன்னு தெரியல. மாத்திர ஏதாவது குடுத்தாங்களா, தானா நின்னுச்சா? முதலாளியம்மா கூப்புடுது. இந்தா வர்றேம்மா, சீப்பு கழண்டுக்கிச்சு, ரெண்டே நிமிஷம். நீ திரும்பாத, கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொல்லு. கடைசியா வந்தப்ப அவனுக்கு என்ன வயசு? பேச்சு வர நாளாச்சா, நடக்க நாளாச்சா, பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்க மாதிரி... ஆங், வந்துட்டேம்மா, கூட்டிக்கிட்டே வர்றேன். சீக்கிரம் சொல்லு, உங்கம்மா அப்ப ராத்திரியில அவன எப்படிப் படுக்க வைப்பாங்க, ஒருக்களிச்சா?