நல்ல ரீல் ஒன்று வாங்கினேன்

விலை உயர்ந்த தூண்டில் ரீல் எல்லோருக்கும் தேவையில்லை. மாதம் ஒருமுறை தூண்டில் போடுகிறவருக்கு மலிவானதே போதும். தினமும் போகிறவனுக்கு அதன் பல்சக்கரம் ஒரே வருஷத்தில் தேய்ந்துவிடும். அவன் நல்லதாக வாங்குவதுதான் நியாயம். இதைக் கடை வாசலில் நின்று மூன்று வாரம் யோசித்தேன். நேரம் நிறைய இருந்தது. குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். நான் வராததை நான்கு நாள் அங்கே யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு முக்கியமான ஆள் நான்.

கடைசிச் சம்பளத்தில் வாங்கினேன். சாப்பாடு, படுக்கை எல்லாம் அக்கா வீட்டில். மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அக்கா புருஷன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன மச்சான், வேலைக்குப் போறவனே இத வாங்க யோசிப்பான். வேலைய விட்டவனுக்கு எதுக்கு?"

"இனி தினமும் போகப்போறேன் மாமா. அதான்."

"ஒரு மீனக் காட்டு பாப்போம். இந்த வீட்டுப் பூனைகூட உன்ன நம்பி உக்காராது."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர்.

ஞாயிறு காலை கடற்கரைக்கு அவரும் வேடிக்கை பார்க்க வந்தார். அலைத்தடுப்புக் கற்களுக்கிடையே என் தூண்டில் முள் சிக்கிக்கொண்டது. "நீ இரு, உன் தங்க ரீலுக்கு ஏதாச்சும் ஆயிடப்போகுது" என்று அவரே கீழே இறங்கினார். தூண்டில் நரம்பை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி இழுத்தார். மீன் பிடிக்கிறவன் எவனும் அப்படிச் சுற்றமாட்டான். சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி பூனை வரும்.

முள் விடுபட்ட வேகத்தில் பாசியில் அவர் கால் வழுக்கியது. அலை அவரை எடுத்துக்கொண்டது. நரம்பின் மறுமுனை என் கையில்.

ரீலில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் நரம்பு பிடித்து நிற்கும், தளர்த்தினால் ஓடும். மிதக்கிற மனுஷனை அந்த நரம்பு தாங்கும். கொஞ்ச தூரத்தில் படகுக்காரர் ஒருவர் கயிறோடு வந்துகொண்டிருந்தார். அவர் வரும்வரை பிடித்திருந்தால் போதும்.

"மச்சான், விட்றாத, பிடிச்சுக்கோ" என்றார். அந்த வீட்டில் என்னை நம்பி ஒருவர் ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் புது ரீலை முதல் சில நாள் ரொம்ப இறுக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தளர்த்தினேன். மலிவான ரீலாக இருந்தால் கரகரவென்று கத்தியிருக்கும். இது வெண்ணெய் மாதிரி ஓடியது. கொடுத்த விலைக்கு அர்த்தம் அப்போது புரிந்தது. நரம்பு தீர்ந்து சட்டென்று நின்றால் அச்சு வளைந்துவிடும். அதனால் கடைசிச் சுற்றில் கத்தியால் அறுத்தேன்.

நரம்பு தானாக அறுந்தது என்றேன். நீங்களும் நம்பி ஃபைலை மூடிவிட்டீர்கள். இப்போது ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்?

நேற்று அக்கா துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வேண்டாத செலவுன்னு அவரு சொன்னது சரியாப் போச்சு. அவ்வளவு விலை குடுத்து வாங்குன சாமான், ஒரு மனுஷனத் தாங்கல."

அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது தாங்கியது. கடைசிவரை தாங்கியது. விட்டது நான்தான்.

ரீல்மேல் ஒரு குறையும் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள்.